மூன்றாவது அழைப்பு

எங்கள் வீட்டில் நோன்பு திறக்கும்போது சர்பத்துக்கு ஐஸ் போடுவதில்லை. வந்தவர்கள் யாராவது காரணம் கேட்டால், "பிள்ளைகளுக்குத் தடிமன் வரும்" என்று உம்மா சொல்லிச் சமாளித்துவிடுவார். உண்மையான காரணம் அதுவல்ல. அதை எங்கள் வீட்டுக்கு வெளியே நான் முதன்முதலாகச் சொல்வது இந்தக் கட்டுரையில்தான். எழுதுவதற்கு முன்னர் வாப்பாவிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க மகள். நாலு பேர் வாசிச்சு ஒராள் திருந்தினாலும் நல்லம்தானே" என்றார்.

எங்கள் வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். ஊரில் நாங்கள் அதை ஆட்டோ என்போம். ராத்தாவும் நானும் தம்பியும் உண்டதும் உடுத்ததும் படித்ததும் அந்த மூன்று சக்கரங்களின் உழைப்பில்தான். வாப்பாவுக்குக் கையடக்கத் தொலைபேசி என்பது எங்களைப் போல் பொழுதுபோக்குச் சாமான் அல்ல. "ஆஸ்பத்திரிக்குப் போகணும், வாங்க", "பிள்ளையை டியூசனில இருந்து ஏத்தி வாங்க" என்று ஹயர் வருவதெல்லாம் அதில்தான். ஓர் அழைப்பை எடுக்காவிட்டால் அந்த ஹயர் வேறு ஆட்டோவுக்குப் போய்விடும். ஆகவே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் போன் அடித்தால் வாப்பாவின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போகும். சிறு வயதிலிருந்தே பின் ஆசனத்தில் இருந்து அதைப் பார்த்து வளர்ந்ததால் எங்களுக்கு அது ஒரு குற்றமாகவே தோன்றியதில்லை. வாப்பா கெட்டிக்காரர், ஒற்றைக் கையாலேயே ஆட்டோ ஓட்டுவார் என்று வகுப்பில் பெருமை பேசியவள் நான்.

2023ஆம் ஆண்டு நோன்பு காலம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று பன்னிரண்டாவது நோன்பு. அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். போகும்போது, "நோன்பு திறக்க வந்திருவன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைய வெயில் சொல்லி முடியாது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ராத்தா சமோசா மடித்துக்கொண்டிருந்தாள். சர்பத் கரைக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் பிரிஜ் பழுதாகிப் பல நாட்களாகியிருந்ததால் கடையில்தான் ஐஸ் கட்டி வாங்குவோம். அதை வாப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்து ஐம்பத்து நான்குக்கு வாப்பாவுக்கு அழைப்பு எடுத்தேன். மணி அடித்து நின்றது. ஐந்து ஐம்பத்தேழுக்கு மீண்டும் எடுத்தேன். அப்போதும் பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "எடுக்கிறாரே இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டு ஆறு மணிக்கு மூன்றாவது தடவையும் எடுத்தேன். இம்முறை வாப்பா எடுத்தார்.

"என்ன மகள்?"

"எங்க வாப்பா நிக்கிறீங்க? எவ்வளவு நேரமா எடுக்கிறன்!"

"களியோடைக் கிட்ட வாறன். சொல்லுங்க."

"ஐஸ் கட்டி வாங்கி வாங்க. மறந்திராதீங்க."

"சரி மகள், வாங்கி..."

அந்த வசனம் முடியவில்லை. முதலில் "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம். பிறகு இரும்பு தார்வீதியில் உரசும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. ராத்தா வந்து, "என்ன, முகம் வெளிறிப் போய் நிக்கிறாய்?" என்று கேட்டபோது, "லைன் கட்டாகிட்டுது" என்று மட்டும் சொன்னேன்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடமும் தெரியும். கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 பிரதான வீதி, ஒலுவில் பக்கமிருந்து நிந்தவூருக்குள் நுழையுமுன் வயல்வெளியை ஒட்டி ஓடுகிறது. பெரும்போக அறுவடை முடிந்துவிட்டால் வெறும் வயல்களில் மாடுகளை மேய விடுவார்கள். மாலையானதும் அவை வீதியைக் கடக்கும். சில வேளைகளில் வீதியிலேயே படுத்துக்கொள்ளும். கட்டாக்காலி மாடுகள் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வராத மாதமில்லை. வாப்பாவுக்கும் அது தெரியாததல்ல. இருபது வருடங்களாக அந்த வீதியில் ஓடுகிறவர் அவர். மாடு நிற்கக்கூடிய இடங்களில் வேகத்தைக் குறைத்து, ஹோர்ன் அடித்து, மெதுவாகக் கடப்பதுதான் அவர் வழக்கம்.

அன்று வழக்கம் தவறியது. ஆட்டோ ஓட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். இடக்கையில் கிளச்சும் கியரும், வலக்கையில் அக்சிலேட்டர். முன்னால் இருப்பது ஒரே ஒரு சக்கரம். சடுதியாகத் திருப்பினால் வண்டி ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். வாப்பாவின் இடக்கையில் அந்நேரம் இருந்தது என்னுடைய குரல். மாடு வீதிக்கு ஏறியதை அவர் கண்டபோது அது மிக அருகில் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்து ஒற்றைக் கையால் திருப்பியிருக்கிறார். ஆட்டோ கவிழ்ந்து வாப்பாவையும் இழுத்துக்கொண்டு போய் வீதியோரத்தில் விழுந்தது.

நோன்போடு நின்ற மனிதர்கள் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் 1990க்கு எடுத்து அம்புலன்ஸை வரவழைத்திருக்கிறார். இன்னொருவர் வாப்பாவின் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து நோன்பு திறக்கச் செய்திருக்கிறார். அவர்கள் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும்.

எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தபோது மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. உம்மா பாயைச் சுருட்டாமலே ஓடினார். நான் கரைத்து வைத்த சர்பத் அப்படியே இருந்தது. அன்றிரவு அதை ராத்தா கொண்டுபோய் வெளியில் ஊற்றினாள்.

வாப்பாவின் இடது மணிக்கட்டும் தோள்பட்டையின் காறை எலும்பும் முறிந்திருந்தன. தலையில் ஏழு தையல். "இரண்டு அங்குலம் தள்ளி அடிபட்டிருந்தால் கதை வேறு" என்று வைத்தியர் மாமாவிடம் சொன்னாராம். மாமா அதை உம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் நான் பக்கத்தில் நின்றேன்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எப்படி நடந்த?" வாப்பா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "மாடு குறுக்க வந்துட்டு." சாச்சாவுக்கும் அதே பதில், பள்ளிவாசல் ஆட்களுக்கும் அதே பதில். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். அவர் சொன்னது பொய்யல்ல. மாடு வந்தது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மற்றப் பாதி வாப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

வாப்பாவின் போனின் கண்ணாடி நொறுங்கியிருந்தது, ஆனால் போன் வேலை செய்தது. ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் அதை எடுத்துப் பார்த்தேன். அழைப்புப் பட்டியலில் "மகள்", "மகள்", "மகள்" என்று மூன்று முறை இருந்தது. முதல் இரண்டும் சிவப்பு நிறத்தில். அவர் எடுக்காத அழைப்புகள். அவ்விரண்டு முறையும் வாப்பா சரியானதைத்தான் செய்திருக்கிறார். மூன்றாவது முறையும் நான் அடித்தபோது, வீட்டில் ஏதோ அவசரம் என்று நினைத்திருக்கிறார். தன் பிள்ளை மூன்று முறை தொடர்ந்து அழைத்தால் எந்தத் தகப்பன்தான் எடுக்காமல் இருப்பான்?

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் விரிவாக எழுதப் போவதில்லை. மூன்று மாதங்கள் ஆட்டோ ஓடவில்லை. லீசிங் பணம் மாத்திரம் மாதம் தவறாமல் கட்ட வேண்டியிருந்தது. உம்மா இரவிரவாகத் தையல் மெஷினோடு இருந்தார். அந்த நோன்புப் பெருநாளுக்கு எங்கள் மூவருக்கும் புது உடுப்பு இல்லை. தம்பி மட்டும் அழுதான். ராத்தாவின் ஒரு சோடிக் காப்பு அடகுக் கடைக்குப் போனது. இவையெல்லாம் ஓர் ஐஸ் கட்டியில் தொடங்கியவை என்பதை நான் மட்டும் அறிந்திருந்தேன். இரவில் உம்மா, "அந்த மாட்டுக்காரன் நல்லா இருப்பானா?" என்று ஏசும்போது, அந்த ஏச்சில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று படுக்கையில் கிடந்து நினைப்பேன். பரீட்சையும் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

வாப்பா மீண்டும் ஆட்டோவை எடுத்த முதல் வாரம். என்னை வகுப்புக்குக் கூட்டிச் சென்றார். பின் ஆசனத்தில் நான் மட்டும்தான். மாளிகைக்காட்டைத் தாண்டும்போது வாப்பாவின் போன் அடித்தது. அவருடைய கை பழையபடி சட்டைப் பைக்குப் போனது. இன்னும் முழுமையாக மடிக்க முடியாத, ஊசி போட்ட தழும்பு மாறாத அதே இடக்கை.

"வாப்பா, நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வாப்பா பயந்துபோய் ஓரங்கட்டினார். "என்ன மகள், என்ன நடந்த?"

எனக்கு அழுகைதான் வந்தது. அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "அண்டைக்கு நான்தானே வாப்பா எடுத்தன். மூண்டு தரம் எடுத்தன். ஐஸ் கட்டிக்காக. நான் எடுக்காட்டி உங்களுக்கு ஒண்டும் நடந்திருக்காது."

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. வீதியில் பஸ் ஒன்று போகும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க எடுத்தது பிழையில்ல மகள். நான் ஓட்டிட்டு வாறன் எண்டு உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியுமா? ஓட்டுறது நான். ஓரங்கட்டிட்டு எடுத்திருக்கணும். இல்லாட்டி விட்டிருக்கணும். எடுத்தது என்ட பிழை."

"அப்ப ஏன் எல்லாருக்கிட்டயும் மாடு எண்டு சொன்னீங்க?"

"மாடும் வந்ததானே" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போன் கதைச்ச எண்டு சொன்னா, ஆரோட எண்டு கேட்பாங்க. உங்கட பேரச் சொல்ல எனக்கு ஏலாது" என்றார்.

மூன்று மாதங்களாக அவர் ஊருக்கெல்லாம் சொன்ன பாதி உண்மை என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அன்றிரவே இருவரும் உம்மாவிடம் முழு உண்மையையும் சொன்னோம். உம்மா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கக்க நானும் ஒருக்கா எடுக்கத்தான் நினைச்சன். கஞ்சி பொங்கினதால எடுக்கல" என்றார்.

உம்மாவின் அந்த வார்த்தைதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. வாகனம் ஓட்டும்போது தொலைபேசி பாவிக்கக் கூடாது என்று எல்லாரும் சாரதிகளுக்குத்தான் புத்தி சொல்கிறார்கள். சட்டமும் அவர்களுக்குத்தான். நம் நாட்டில் வாகனம் செலுத்தும்போது கையில் தொலைபேசி பாவிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் வாகனம் ஓட்டுபவர் இருக்கிறார் என்றால் மறுமுனையில் இருப்பது யார்? பெரும்பாலும் வீட்டில் இருக்கும் நாங்கள்தான். மனைவி, மகள், தாய், தங்கை. "எங்க நிக்கிறீங்க?", "எப்ப வருவீங்க?", "வரக்க பாண் வாங்கி வாங்க." அன்பினால் கேட்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு வீதியில் போய் என்ன செய்கிறது என்பதை நாங்கள் காண்பதில்லை.

எங்கள் உம்மம்மா ஒரு நாள் சொன்னார்: "உங்கட மூத்தாப்பா வயலுக்குப் போனா, முத்தத்தில வந்து நிண்டாத்தான் வந்தாரெண்டு தெரியும். அதுவரைக்கும் பொறுத்திருப்பம்." இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கியது 1989இல்தான். அதற்கு முன்னும் வாப்பாமார் வெளியே போனார்கள், திரும்பி வந்தார்கள், வீட்டிலிருந்தவர்கள் காத்திருந்தார்கள். தொலைபேசி வந்து நமக்கு எத்தனையோ நன்மைகளைத் தந்திருக்கிறது. அந்தக் காத்திருக்கும் பொறுமையை மட்டும் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இப்போது நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். வேகம், தூரம், நேரம் பற்றிய பாடம் வந்த அன்று, ஆசிரியை கொடுத்த கணக்கை முடித்துவிட்டு அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் எனக்காக ஒரு கணக்குச் செய்தேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஆட்டோ ஒரு செக்கனில் சுமார் 11 மீற்றர் ஓடுகிறது. யார் அழைக்கிறார் என்று திரையைப் பார்த்து, விரலால் இழுத்து, காதில் வைப்பதற்கு நான்கு செக்கனாவது எடுக்கும். அதற்குள் வண்டி 44 மீற்றர் போய்விடும். நமது வலைப்பந்து மைதானத்தின் நீளம் 30.5 மீற்றர். அப்படியானால் ஏறத்தாழ ஒன்றரை மைதானத் தூரத்தை வாப்பா வீதியைப் பார்க்காமலே கடந்திருக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடு என்றால் நம்மில் யார் ஓடுவோம்?

"கையில் வைத்திருந்தால்தானே ஆபத்து?" என்று சிலர் கேட்கலாம். எங்கள் ராத்தாவும் அப்படித்தான் கேட்டாள். அவள் ஸ்கூட்டி ஓட்டுகிறவள். நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் ஒரு தனிக் கெட்டித்தனம் உண்டு. பர்தாவுக்கும் கன்னத்துக்கும் இடையில் போனைச் செருகிவிட்டால் போதும், காதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு கையும் ஹான்டிலில். பாடசாலை விடும் நேரத்தில் நமது வாசலுக்கு வெளியே சற்று நின்று பாருங்கள். முன்னால் சின்ன மகன் நிற்க, பின்னால் மகள் இருக்க, கன்னத்தில் செருகிய போனில் கதைத்துக்கொண்டே போகும் உம்மாமார்களைக் காண்பீர்கள். ஆண்கள் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு. வாகனம் ஓட்டும்போது தொலைபேசி பாவிப்பவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு, பாவிக்காதவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் அந்த ஆபத்து பெரிதாகக் குறைவதில்லை என்றும் அது கூறுகிறது. காரணம் எளிது. பேச்சு நடப்பது கையில் அல்ல, மனதில். மறுமுனையில் இருப்பவர், "மாமி வந்து இப்படிச் சொல்லிட்டுப் போறா" என்று தொடங்கியதும் நம் மனம் அந்த வீட்டு விறாந்தைக்குப் போய்விடுகிறது. கண் வீதியைப் பார்க்கும். ஆனால் காணாது. பக்கத்தில் இருந்து பேசுகிறவர் கூட, மாடு வருவதைக் கண்டால் பேச்சை நிறுத்துவார். தொலைபேசியில் பேசுகிறவருக்கு மாடு தெரியாது. எனக்குத் தெரியவில்லையே.

இதைச் சொன்னதும் ராத்தா முதலில் வாதாடினாள். பிறகு வாப்பாவின் தோள்பட்டையைப் பார்த்தாள். இப்போது அவளுடைய போன் ஸ்கூட்டியின் ஆசனத்துக்குக் கீழே பூட்டித்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அன்று முதல் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். அவை பெரிய காரியங்கள் அல்ல. வாப்பா தூரப் பயணம் புறப்பட முன், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போவார். வாங்க வேண்டிய சாமான்களை அப்போதே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். அழைப்பு எடுத்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஓடிட்டு இருக்கீங்களா?" என்பதுதான். "ஓம்" என்றால் வேறு பேச்சே இல்லை, உடனே வைத்துவிடுவோம். அவசரம் இல்லாவிட்டால் ஒரு முறைக்கு மேல் எடுப்பதில்லை. மூன்று முறை தொடர்ந்து எடுப்பது உண்மையான அவசரத்துக்கு மட்டும் என்று முடிவு செய்துகொண்டோம். ஆட்டோவில் யாராவது கூட இருந்தால் வாப்பாவின் போன் அவர்கள் கையில் இருக்கும். தனியாகப் போனால் முன் பெட்டிக்குள் இருக்கும். ஹயர்காரர்களுக்கும் வாப்பா சொல்லி வைத்திருக்கிறார்: "எடுக்காட்டி ஓட்டத்தில இருக்கன். அஞ்சு நிமிஷத்தில நானே எடுப்பன்." ஹயர் குறைந்துவிடும் என்று பயந்தோம். ஓரிரண்டு போனதும் உண்மைதான். ஆனால், "இவர் போன் கதைக்காம ஓட்டுவார், பிள்ளைகளை நம்பி அனுப்பலாம்" என்று சொல்லித் தம் பிள்ளைகளை வாப்பாவின் ஆட்டோவில் அனுப்பும் உம்மாமாரும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

சிறு வயதில் மத்ரஸாவில் நாங்கள் எல்லாரும் படித்த பாடம் ஒன்று உண்டு. பாதையில் கிடந்து பிறருக்குத் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை. முள்ளையும் கல்லையும் மட்டும்தான் அப்போது நினைத்தேன். ஓடுகின்ற வாகனத்துக்குள் அடிக்கின்ற தேவையில்லாத ஓர் அழைப்பும் பாதையில் கிடக்கும் கல்தான் என்பது இப்போது புரிகிறது. அதைப் போடாமல் இருப்பது அகற்றுவதை விடவும் இலகுவானது.

நம் நாட்டின் வீதிகளில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் தொலைபேசியால் இறந்தவர்கள் அல்ல. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்காக எத்தனை வீடுகளில் கஞ்சி ஆறிக் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் வாப்பா திரும்பி வந்தார். ஏழு தையலோடும் முறிந்த எலும்போடும் வந்தார். எல்லா வீடுகளுக்கும் அந்த அருள் கிடைப்பதில்லை.

பெற்றோரே, உங்களிடம் ஒரு பிள்ளையாகக் கேட்கிறேன். எங்கள் அழைப்பை உடனே எடுக்காவிட்டால் நாங்கள் கோபிப்போம் என்று நினைத்து ஓட்டத்தில் எடுக்காதீர்கள். கோபித்தால் கோபிக்கட்டும். வீட்டுக்கு வந்து ஏச்சு வாங்குங்கள். பின் ஆசனத்தில் இருக்கும் நாங்கள் உங்களைப் பார்த்துத்தான் பழகுகிறோம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தோழியரே, உங்களிடம் ஒரு தோழியாகக் கேட்கிறேன். நம்மில் பலர் இன்னும் வாகனம் ஓட்டுவதில்லை. அதனால் இது நமக்குரிய விடயமல்ல என்று நினைக்க வேண்டாம். இன்று பாடசாலை விட்டதும் வாசலில் நின்று வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ, "இன்னும் வரல்லையா?" என்று அழைப்பு எடுக்கப் போனால், ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். வருகிறவர் கையில் ஹான்டில் இருக்கிறது. ஐந்து நிமிடம் பிந்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கடந்த நோன்பிலும் ஒரு நாள் வாப்பா அக்கரைப்பற்றுக்கு ஹயர் போயிருந்தார். பாங்குக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. உம்மா வாசலைப் பார்த்தார், ராத்தா கடிகாரத்தைப் பார்த்தாள், நான் என் போனைப் பார்த்தேன். ஒருவரும் அழைப்பு எடுக்கவில்லை. பாங்கு சொல்லி, பேரீச்சம்பழத்தைக் கடித்து, மஃரிப் தொழுது முடித்த பிறகுதான் வெளியில் ஆட்டோவின் சத்தம் கேட்டது. நிந்தவூரில் ஒரு பள்ளிவாசலில் நிறுத்தி, அங்கேயே நோன்பு திறந்து, தொழுதுவிட்டு ஆறுதலாக வந்திருந்தார்.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா" என்றேன். அது மட்டும் முழு உண்மையல்ல. ஐஸ் போடாத சர்பத்தை ஒரு கிளாசில் ஊற்றி அவருக்குக் கொடுத்தேன்.